இரட்டைத் திமில் போட்டான்

அம்மா செத்த வீட்டில் அவள் அழவில்லை. அவள் மேல் இருக்கிற முதல் குற்றச்சாட்டு இதுதான். அழாத மகளை ஒரு சாவு வீட்டில் எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியாது பாருங்கள், அதனால் சித்தி அவளை அடுப்படிப் பக்கம் அனுப்பி, வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். அவளும் ஊற்றினாள். யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்டுக் கேட்டு ஊற்றினாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "பெத்தவ உள்ள கிடக்கா, இவ சர்க்கரை அளந்துக்கிட்டு இருக்கா" என்று யாரோ ஒரு மகராசி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது குற்றச்சாட்டு போன். அம்மா காலையில் குளியலறையில் மயங்கி விழுந்து, தம்பி வாரிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, மதியம் தாண்டி உயிர் போகிறவரைக்கும் அவளுடைய போன் அணைந்து கிடந்தது. அவள் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் அதுதான் சட்டம். கதவுக்கு வெளியே சுவரில் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரப்பெட்டி ஒன்று உண்டு. இயக்குநரே வந்தாலும் போனை அணைத்து அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். உள்ளே இருக்கிற கருவிகள் ஒரே ஒரு போட்டான் வந்து விழுந்தாலும் கண்டுபிடிக்கிறவை. போட்டான் என்பது வெளிச்சத்தின் ஆகக் கடைசிச் சொட்டு, அதைப் பிட்டுப் பாதி கொடு என்று கேட்க முடியாது. அப்படிப்பட்ட கருவிக்கு முன்னால் போன் திரை ஒன்று மின்னினால் அதற்குக் கண் அவிந்துபோகும். அதனால் உள்ளே கும்மிருட்டில்தான் வேலை.

முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு 'இருட்டு டாக்டர்' என்று பெயர். வைத்தவன் தம்பிதான். செல்லமாகத்தான் வைத்தான். அம்மா போனபிறகு அதே பெயரைச் சொந்தக்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள், இந்தத் தடவை செல்லம் எல்லாம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வெளியே வந்து போனைத் திறந்தபோது சித்தியின் செய்திதான் முதலில் வந்து நின்றது. 'அம்மா போயிட்டா. நீ எங்க இருக்க?' டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய் இறங்கியதும், செருப்பைக் கூடக் கழற்ற விடாமல் சித்தி பிடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் உன் பேரையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. தம்பி எத்தனை வாட்டி போன் அடிச்சான் தெரியுமா? பாவம், அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டான்." தம்பி பக்கத்தில்தான் நின்றான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அதைக் கேட்டபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால், யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது. சரி, அதிர்ச்சி, நாள் ஆக ஆகத் தெளியும் என்று நினைத்துக்கொண்டாள். மாதங்கள் ஆயின. தெளியவில்லை. சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. தூங்கினாள், எழுந்தாள், பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். அடக்கம் முடிந்த இரண்டு நாளிலேயே வேலைக்குப் போய்விட்டாள் என்பது மூன்றாவது குற்றச்சாட்டு, விட்டுவிடுவோம், அதற்கெல்லாம் கணக்கு வைத்தால் முடியாது.

ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளை விடவில்லை. அம்மா தன்னைக் கேட்டாளா இல்லையா? சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததே எல்லாம் முடிந்தபிறகு. அந்த 'கடைசி வரைக்கும்' அவளுக்கு எங்கிருந்து வந்தது? வாய் இருக்கிறது, சொல்லிவிட்டாள். உண்மையில் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றவன் தம்பி ஒருவன்தான். கேட்டாள் என்று அவன் சொன்னால் ஒருவேளை நெஞ்சு வலிக்கும், கேட்கவில்லை என்றால் இன்னும் வலிக்கும். எதுவாக இருந்தாலும் தேவலை, வலித்தால் போதும் என்கிற இடத்துக்கு அவள் வந்துவிட்டிருந்தாள். அவனோ அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டுக்குப் போனால் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவான். போன் பண்ணினால் அவன் மனைவிதான் எடுப்பாள். "அவர் குளிக்கிறாரு அண்ணி." எப்போது கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டே இருக்கிற ஒரே மனுஷன் இந்த உலகத்தில் அவன்தான்.

இதற்கிடையில் ஆய்வுக்கூடத்தில் லிஃப்ட் தொல்லை.

அவளுடைய கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. அடுத்த சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடுகிற குழி. மேலே யாராவது ஏறி இறங்கினால் போதும், சுவர் லேசாக அதிரும், மேஜை மேல் கண்ணாடிகள் மயிரிழை நகரும், கண்ணுக்குத் தெரியாத லேசர் தடம் மாறிவிடும். அப்புறம் அவள் உட்கார்ந்து திருகைத் திருகித் திருகிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வருஷக்கணக்காகப் புகார் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் லிஃப்ட் கம்பெனி இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பியது. ஒருவர் பெரிய தொப்பையோடு நேரே மொட்டை மாடியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போய்விட்டார். இன்னொருவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கி வந்தான்.

தம்பி.

லிஃப்ட் வேலைதான் அவன் தொழில், கம்பெனியும் அவன் வேலை பார்க்கிற கம்பெனிதான், அதனால் அவன் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலை அவனுக்கு வந்ததில்லை. வேறு ஒருத்தனுக்கு வந்ததை, தன் ஞாயிற்றுக்கிழமை லீவை அவனுக்குத் தாரை வார்த்துக் கொடுத்து, கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அது அவளுக்குத் தெரியாது. வாசலில் நின்றவனைப் பார்த்து, "வாடா" என்றாள். வேறு என்ன சொல்வது?

"எந்தச் சுவரு?" என்றான் அவன். அம்மா போனபிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சுவரைப் பற்றி.

வெளியறையில் ஒரு மேஜை, அதன் மேல் கணினித் திரை, எதிர்ச் சுவரில் பார்வையாளர்களுக்காக இயக்குநர் மாட்டிவைத்த பெரிய வண்ணப்படம். படத்தில் மஞ்சள் பந்து ஒன்று பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும், அதன் கீழே 'போட்டான்' என்று எழுதியிருக்கும். இன்னொரு மூலையில் சிவப்பு அலை மேலும் கீழுமாக, நீல அலை பக்கவாட்டில். தம்பி பையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவனுக்கும் ஒரு இடம் வேண்டுமே.

"இதைத்தான் பிடிக்கிறீங்களா? இந்தப் பாம்பை?"

"அது சுத்தப் பேத்தல்" என்றாள் அவள். "போட்டான் நெளிஞ்சுக்கிட்டுப் போறதில்ல. எத்தனை தடவை சொல்லியாச்சு, கழட்ட மாட்டேங்கிறார்."

"அப்போ அலைன்னு சொல்றாங்களே?"

இதற்குப் பதில் சொல்வது அவளுக்குச் சுலபம். மற்ற எதைப் பற்றிப் பேசவும் நாக்கு எழும்பாது, இதைப் பற்றி என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "உன் லிஃப்டையே எடுத்துக்கோ" என்றாள். "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எந்த நேரத்துல எத்தனை பேர் ஏறினாங்கன்னு ஒரு கோடு போட்டா என்ன வரும்?"

"ஆபீஸ் தொறக்கிற நேரத்துல ஒரு மலை. மூடற நேரத்துல ஒரு மலை. நடுவுல சாப்பாட்டுக்குப் போறப்ப ஒரு குட்டி மலை."

"அதுக்காக லிஃப்ட் மலை ஏறுச்சுன்னு அர்த்தமா?"

அவன் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "லிஃப்ட் செங்குத்தாத்தான் போகும். மலை ஏறினா என் வேலை போயிடும்."

"அதேதான். அலைன்னு வரையறோமே, அந்த மேடு பள்ளம் எல்லாம் அந்த அந்த இடத்துல மின்புலம் எவ்வளவு பலமா இருக்குன்னு காட்டுற கோடு. வெளியில எதுவும் மேலயும் கீழயும் குதிக்கிறதில்ல. பலம் ஏறுது, இறங்குது, அவ்வளவுதான். அந்த அலை எங்க பலமா இருக்கோ அங்க போட்டான் கிடைக்க வாய்ப்பு அதிகம். எங்க அலை இல்லையோ அங்க கிடைக்கவே கிடைக்காது."

"அப்போ போட்டான் எங்க இருக்கு? அலைக்கு உள்ளேயா?"

"அதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. அலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற உருண்டை இல்ல அது. வெளியில அடிக்கிற வெயில்ல எண்ண முடியாத அளவு போட்டான் இருக்கு, அதனால அலை மட்டும்தான் தெரியுது, சொட்டு தெரியறதில்ல. நாங்க வெளிச்சத்தைக் குறைச்சுக் குறைச்சு, ஒவ்வொண்ணா விடறோம். அப்போ சொட்டு தெரியும், அலை தெரியாது."

கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று, இரண்டு மேடுகளோடு, ஒட்டகத்தின் இரட்டைத் திமில் மாதிரி. குளிரவைத்த அணுக் கூட்டம் ஒன்று உள்ளே கண்ணாடிக் குடுவையில் இருக்கிறது. அது போட்டான்களை ஜோடி ஜோடியாகத் துப்பும். ஜோடியில் முதலாவது வந்து விழுந்ததும் கடிகாரத்தை ஓட விடுவார்கள். இரண்டாவதை ஒரு படிகத்துக்குள் அனுப்பி, அதன் அலையை வேண்டிய வடிவத்தில் செதுக்குவார்கள். இப்போது செதுக்கியிருப்பது இரண்டு திமில் வடிவம். நீளத்தைக் கேட்டால் இந்தக் கட்டடத்தைவிட நீளம். வெளிச்சத்தின் ஒரே ஒரு சொட்டு, ஒரு தெரு நீளத்துக்கு. இதையெல்லாம் அவள் அவனுக்குச் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்போ ஒரே போட்டான் இந்த ரெண்டு திமில்லயும் இருக்கா?"

"கருவியில விழறப்ப ஒரே இடத்துலதான் விழும். ஒண்ணு முதல் திமில்ல, இல்லன்னா ரெண்டாவது திமில்ல. பாதி இங்க பாதி அங்கன்னு ஒருநாளும் விழுந்ததில்ல. விழறதுக்கு முன்னாடி எதுல இருந்துச்சுன்னு கேட்டா, அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. முழு வடிவமும்தான் வருது."

"ஒண்ணு விழுந்தா வடிவம் தெரிஞ்சிடுமா?"

"தெரியாது. ஒரு டிக்குன்னு சத்தம், ஒரு புள்ளி. அவ்வளவுதான். அதே மாதிரி திரும்பத் திரும்ப அனுப்பி, புள்ளி மேல புள்ளியாச் சேர்ந்தாத்தான் இந்தத் திமில் எழும்பி வரும். ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அவன் திரையில் இருந்த திமிலை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "சரி, வேலையைப் பார்ப்போம்" என்றான்.

வேலை இதுதான். மேலே தொப்பைக்காரர் லிஃப்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். உள்ளே இவன் சுவரிலும் மேஜைக் காலிலும் கை வைத்து, அதிர்வு எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பான். அவள் கண்ணாடித் திருகுகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். கருவியில் ஒவ்வொரு போட்டான் விழும்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்படி ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள், இருட்டில் காது மட்டும்தானே துணை. லேசர் தடம் மாறினால் டிக் டிக் நின்றுவிடும். நிற்காமல் இருந்தால் பழுது சரியாயிற்று என்று அர்த்தம். திருகுகளைத் தொட வேண்டியிருந்ததால் போட்டானைப் பிடிக்கிற கருவி இருக்கிற பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தாள்.

இருவரும் போனை அணைத்து மரப்பெட்டியில் வைத்தார்கள். தன் போனை வைக்கும்போது அவன் கை ஒரு நொடி அந்த அறைக்குள்ளேயே நின்றது. அவள் கவனித்தாள். இரட்டைக் கதவைத் தாண்டி, கறுப்புத் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார்கள். கதவு சாத்தியதும், கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு.

"எப்படிக்கா இதுக்குள்ள நாள் முழுக்க நிக்கிற?"

அவன் 'அக்கா' என்றதை அவள் கேட்டாள். அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். "பழகிடுச்சு" என்றாள். "கையை நீட்டினா மேஜை தட்டும். மெதுவா வா."

டிக். டிக் டிக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டிக். தாறுமாறாக விழுந்துகொண்டிருந்தது. மேலே லிஃப்ட் கிளம்புகிற முனகல் சுவர் வழியாக வந்தது. அவன் உட்கார்ந்து மேஜைக் காலைத் தடவுகிற சத்தம் கேட்டது. டிக் டிக் நின்றது. அவள் திருகைத் தொட்டு, கால்வாசி திருப்பி, மறுபடி கொண்டுவந்தாள்.

"கால் வழியா இல்ல" என்றான் அவன் கீழேயிருந்து. "சுவர்லேர்ந்து அந்தக் குழாய் வருதுல்ல, அது மேஜையைத் தொட்டுக்கிட்டு இருக்கு. அதுதான் ஆட்டுது. குழாய்க்கு ரப்பர் சுத்தினா தீர்ந்துச்சு. இதுக்குப் போய் எங்க கம்பெனியைத் திட்டியிருக்க."

"பார்த்துத் திட்டியிருக்கணும்."

அவன் எழுந்து குழாயைத் தேடிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். வர வர டிக் டிக் கூடியது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, இடைவெளியே இல்லாமல் சரசரவென்று கொட்டியது. அவள் பதறிப்போனாள். "நில்லு, நில்லு. உன்கிட்ட என்ன வெளிச்சம் இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே. டார்ச் வெளியில இருக்கு."

"ஏதோ இருக்கு. பாரு."

அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. இருட்டில் ஒரு சின்னப் பச்சை வட்டம், முள்ளும் எண்களுமாக, காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அவன் கைக்கடிகாரம். லிஃப்ட் குழிக்குள் மணி பார்க்க வசதி என்று மினுங்குகிற பூச்சுப் பூசிய கடிகாரம் வாங்கிக் கட்டியிருந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையால் மூடினாள். சரசரப்பு அடங்கியது. அவன் கடிகாரத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்தான்.

"என் வாட்ச் கூடவா உன் மிஷினுக்குக் கேக்குது?" என்றான். பிறகு, "இவ்வளவு காது உள்ள மிஷினை வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, மிச்சத்தை மென்று முழுங்கினான்.

அவன் முழுங்கியது என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? ஊரே அதைத்தானே சொல்கிறது. அவன் முகமும் தெரியவில்லை, தன் முகமும் அவனுக்குத் தெரியாது. இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.  திருகு எத்தனை சுற்று என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களாடா?"

டிக். டிக். லிஃப்ட் மேலே எங்கோ போய் நின்றது.

"கேட்டாங்க."

"நீ போன் பண்ணிக்கிட்டே இருந்தியா?"

குழாயைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.  பிறகு சொன்னான்.

"பண்ணல."

அவளுக்குப் புரியவில்லை. "சித்தி சொன்னாங்களே, நீ அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டன்னு."

"அவங்களா சொல்லிக்கிட்டாங்க. நான் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்திருப்பாங்க. நான் இல்லன்னு சொல்லல. ஒரு தடவை கூடப் பண்ணலக்கா."

"ஆபீஸ் நம்பர்? அதுல அடிச்சா கதவைத் தட்டிச் சொல்வாங்களே. உனக்குத் தெரியுமே."

"தெரியும். அதுவும் பண்ணல."

"ஏன்?"

"பண்ணா வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.  அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று அவன் ஆபீஸுக்குப் போன் பண்ணினான். ஆபீஸ்காரம்மா வந்து கதவைத் தட்டினார். "அளவெடுப்பு ஓடிக்கிட்டு இருக்கு, அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினாள். அப்புறம் பேசியது நான்கு நாள் கழித்து. அவன் மகள் பிறந்தபோதும் அதே கதவு, அதே பதில். இதையெல்லாம் அவன் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவளே ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் உள்ளே ஏதோ கிளம்பி வந்தது. கோபம். எத்தனை மாதம் கழித்து அவளுக்குள் ஏதோ ஒன்று வந்தது என்று பார்த்தால், அது தம்பி மேல் கோபம். திருகை வெடுக்கென்று திருப்பிவிட்டாள், டிக் டிக் நின்றுபோனது.

"அதை முடிவு பண்ண நீ யாருடா?" என்றாள். "நான் வரமாட்டேன்னு என் வாயால சொல்றது என் பாடு. நீ கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டு, நான் வராம இருந்திருந்தா, செருப்பால அடிச்சிருக்கலாம். கூப்பிடாம இருக்க உனக்கு யாரு உரிமை கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல."

"ஊரெல்லாம் என்னைத் திட்டினப்ப நீ பார்த்துக்கிட்டுத்தானே நின்ன?"

"நின்னேன்." அவன் குரல் கீழே போனது. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான் போல. "வீம்புக்குத்தான் பண்ணாம இருந்தேன். எப்பவும் நான்தானே கூப்பிடணும், இந்தத் தடவை கூப்பிடக் கூடாதுன்னு. அம்மா பொழைச்சு வந்துடுவாங்கன்னு நினைச்சேன். வந்தப்புறம் உன்கிட்ட சொல்லிக் காட்டலாம்னு நினைச்சேன். டாக்டர் வெளிய வந்து கையை விரிச்சப்பதான், அய்யோ, நேரம் போயிடுச்சேன்னு இருந்துச்சு. அதான் உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. கோவம்னு நீ நினைச்சிருப்ப. கோவம் இல்லக்கா. பயம்."

அவளும் தரையில் உட்கார்ந்தாள். மேலே தொப்பைக்காரர் சொன்ன சொல் தவறாமல் லிஃப்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். தடம் மாறிய லேசர் எங்கேயோ சுவரில் போய் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எழவில்லை.

"அம்மா கேட்டப்ப என்ன சொன்ன?"

"வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்."

"எங்கேர்ந்து வரேன்னு சொன்ன?"

"போன்ல பேசிட்டேன், பஸ் ஏறிட்டா, வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம், மெதுவா வரச் சொல்லுடான்னாங்க. அவ ஓடி வருவா, எங்கயாவது தடுக்கி விழுந்துடுவா, மெதுவா வரச் சொல்லுன்னு. அதுக்கப்புறம் பேசல."

அவள் நெஞ்சில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வார்த்தை வந்து எங்கேயோ ஒரு ஓரத்தில் விழுந்தது, மற்ற வார்த்தைகள் எல்லாம் இத்தனை மாதமாக விழுந்த மாதிரி. தான் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே அம்மா போயிருக்கிறாள். ஏறாத பஸ். வராத மகள். அம்மாவைப் பொறுத்தவரை வந்துகொண்டே இருந்த மகள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள்.

"மெதுவா வரச் சொல்லுன்னு."

"இன்னொரு தடவை சொல்லு."

"மெதுவா வரச் சொல்லு, தடுக்கி விழுந்துடுவான்னு."

"அப்படி இல்ல. அம்மா எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லு. என்ன பேர் சொல்லிச் சொன்னாங்க?"

"பெரியவள்னு சொன்னாங்க. 'பெரியவளை மெதுவா வரச் சொல்லுடா'ன்னு."

"இன்னொரு தடவை."

அவன் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள், அவன் மறுபடி சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சொல் முன்னே பின்னே மாறியது, ஒரு தடவை 'ஓடி வருவா' இருந்தது, ஒரு தடவை இல்லை, ஒரு தடவை அவன் குரலே உடைந்து பாதியில் நின்றது. அவள் விடவில்லை. எத்தனை தடவை என்று இருவருமே எண்ணவில்லை. லிஃப்ட் நின்றுவிட்டது, மேலேயிருந்து தொப்பைக்காரர் யாரையோ கூப்பிடுகிற சத்தம் மங்கலாகக் கேட்டது, இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் இருட்டில் கையை நீட்டி அவன் சட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை இறுகியது.

"அக்கா, போதும்கா" என்றான் அவன். "உனக்கு என்ன ஆச்சு?"

"வலிக்குதுடா" என்றாள் அவள். "நிறுத்தாதே. சொல்லு."